ஆசி வழங்காத யானையைப் பார்க்க மண்டாய்க்கு

மண்டாயில் இருக்கும் விலங்கியல் தோட்டத்துக்குக் கிளம்பிய காலையில், கூடுதலாகப் பத்து வெள்ளி கொடுத்தால்தான் பையனை ஏற்றுவேன் என்று கார்க்காரர் சொன்னபோது, அந்த நாள் உருப்படாது என்றே முடிவுகட்டினேன். செயலி மூலம் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். டாக்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டத்தின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருக்கையைப் பின்பெட்டியில் வைத்துக்கொண்டே, “ரொக்கமாகக் கொடுங்கள், எடுத்துப் போடுகிறேன்” என்று பேரம் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அத்தை அதற்குள் வெள்ளியை ரூபாயாக்கிவிட்டார். “600 ரூபாய்க்கு மேலா? வேண்டாம்மா, நடந்தே போய்விடலாம்” என்றார்.

நடக்க வேண்டியிருக்கவில்லை. உட்லண்ட்ஸிலிருந்து தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயிலில் இரண்டே நிறுத்தம் தாண்டினால் ஸ்பிரிங்லீஃப். அங்கிருந்து 138ஆம் எண் பஸ் விலங்கியல் தோட்டம் வரைக்கும் போகிறது. மூவருக்கும் சேர்த்து, அந்த மனிதர் கேட்ட தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை. மண்டாய்க்குக் காரில்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிங்கப்பூர் விலங்கியல் தோட்டம் 1973இல் திறக்கப்பட்டது. இங்கே வளர்ந்த எல்லாருமே பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறையாவது போயிருப்பார்கள். அதனால் குரங்கு, வரிக்குதிரை, கூட்டம், வெயில் எதையும் நான் எழுதப் போவதில்லை. நாங்கள் போனது யானைகளின் பின்கட்டை, அதாவது பராமரிப்பாளர்கள் அவற்றைக் கவனிக்கும் இடத்தைப் பார்க்க. நுழைவுச்சீட்டுக்கு மேல் இதற்குத் தனிக் கட்டணம். மாதக் கடைசியில் அந்தத் தொகையைக் கட்ட என் கணவருக்கு மனமே வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எங்களுடன் வராமல் ஒரு சீட்டை மிச்சப்படுத்தினார்.

அத்தையின் எதிர்பார்ப்பு எளிமையானது. யானை வரும், துதிக்கையில் நாணயத்தை வைப்போம், அது தலையில் தொட்டு ஆசி வழங்கும். கைப்பையில் ஐந்து ரூபாய் நாணயங்களைத் தயாராக வைத்திருந்தார்! பையனோ யானைமேல் ஏறலாம் என்ற நம்பிக்கையில் இருந்தான். உள்ளே போனதும் இருவருக்கும் முகம் வாடிவிட்டது. யானைக்கும் மனிதருக்கும் நடுவே பருத்த இரும்புத் தடுப்பு. பராமரிப்பாளர்கள்கூட அதைத் தாண்டிப் போவதில்லை.

எங்களுக்கு வாய்த்த பராமரிப்பாளர் மலேசியாவின் ஜொகூரைச் சேர்ந்த தமிழர். “அங்குசம் எங்கே தம்பி?” என்று அத்தை கேட்டதற்கு, “அதெல்லாம் இல்லையம்மா” என்று சிரித்தார். அவர் கையில் இருந்தது நுனியில் பந்து செருகிய ஒரு கோல். அந்தப் பந்தை நீட்டினால் யானை வந்து தொடும், தொட்டவுடன் விசில், விசிலுக்குப் பின்னாலேயே ஒரு துண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வரப் பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடலாம், யாரும் அதட்டுவதில்லை. நாங்கள் நின்றிருந்தபோது ஒரு பெண் யானை அப்படித்தான் பாதியில் கிளம்பிப் போய் மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. காசு கட்டியவர்கள் காத்திருக்கிறோம் என்ற கவலையே அதற்கு இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பிறகுதான் கால். தடுப்பிலுள்ள திறப்பின் வழியாக அந்த யானை தானாகவே முன்னங்காலைத் தூக்கி வைத்தது. முன்காலில் ஐந்து நகம், பின்காலில் நான்கு என்று பையன் எண்ணிச் சரிபார்த்தான். உள்ளங்காலைக் கழுவி, வெடிப்புகளில் சிக்கிய சிறு கற்களை எடுத்து, வளர்ந்த நகத்தை அரத்தால் ராவினார்கள். மனிதர் வளர்க்கும் யானைகளில் பல, கால் நோயால்தான் சாகின்றன. காட்டில் நடந்து நடந்து தேய வேண்டிய நகமும் தோலும் இங்கே தேயாது. கடினமான தரையில் நெடுநேரம் நின்றால் பாதம் புண்ணாகும். இதைக் கேட்டதும் கல்தளத்தில் நாள் முழுக்க நிற்கும் கோயில் யானைகளின் நினைவு வந்து, வாய்விட்டே சொல்லிவிட்டேன். அத்தைக்குச் சுருக்கென்றது. “நம் ஊரிலும் யானைக்குக் குளம் கட்டிக் கொடுக்கிறார்கள். தேக்கம்பட்டியில் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடத்தவில்லையா?” என்றார். நடத்தினார்கள்தான். மீதி நாளெல்லாம் எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.

பையனைக் கவர்ந்தவை வேறு. ஒரு கடைவாய்ப்பல்லைக் கையில் கொடுத்தார்கள்; அம்மிக்கல்லைத் தூக்கியதுபோல் அவன் தோள் இறங்கிவிட்டது. யானைக்கு ஆயுளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப்பற்கள் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வருமாம். ஆறாவதும் தேய்ந்துபோனால் மெல்லவே முடியாது. முன்பல் இரண்டும் விழுந்திருந்த எங்கள் ஆளுக்கு இதில் ஏகப்பட்ட பொறாமை. அடுத்தது லத்தி, அதாவது யானைச் சாணம். வளர்ந்த யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்றாலும், அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அதனால் லத்தியில் முழுக்க நாரும் புல்லும்தான். பையன் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, “நாறவே இல்லை, பாட்டி, வாருங்கள்” என்றான். அத்தை போகவில்லை.

“யானை நீந்துமா?” என்று அவன் கேட்டதற்குக் கிடைத்த பதிலை வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். 1990இல் மூன்று காட்டு யானைகள் ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து சிங்கப்பூரின் டெக்கோங் தீவுக்கு வந்துவிட்டன. மலேசிய வனவிலங்குத் துறையினரும் இந்தத் தோட்டத்தினரும் சேர்ந்து அவற்றைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு புலாவ் உபின் தீவுக்கும் இரண்டு வந்தன. டெக்கோங்கில் தேசிய சேவைக்கான கட்டாய ராணுவப் பயிற்சி முடித்த என் கணவர், அந்தத் தீவுக்கு விரும்பிப் போன உயிர்கள் அவை மட்டுமாகத்தான் இருக்கும் என்கிறார்.

வெளியே வந்ததும் இடியுடன் மழை. பஸ்ஸில் ஸ்பிரிங்லீஃப் திரும்பி, அப்பர் தாம்சன் ரோட்டுப் பக்கம் ஒரு பராட்டாக் கடையில் ஒதுங்கினோம். மொறுமொறுவென்று வெங்காய முட்டைப் பராட்டா, புளிப்பு தூக்கலான மீன் குழம்பு, சூடாகத் தே தாரிக் எனும் இழுத்து ஆற்றிய பால் தேநீர். காலையிலிருந்து எதிலும் குறை கண்ட அத்தை இரண்டாவது பராட்டாவைத் தாமாகவே கேட்டு வாங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: சிறு பிள்ளைகளுக்கு வயது வரம்பு இருக்கலாம், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். காலை நேரமே நல்லது, மதியத்துக்குமேல் மழையை நம்ப முடியாது. மூடிய காலணி போடுங்கள். தொட்டுப் பார்க்கலாம், ஏறலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள். பையன் அடுத்த விடுமுறைக்குக் காண்டாமிருகத்தின் பின்கட்டைப் பார்க்க வேண்டும் என்கிறான். அதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்களே என்று அவன் அப்பா இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.