நேரம் வைத்துத் திறந்ததும் மீட்டர் வைத்து அளந்ததும்

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் 2019 ஜூன் மாதத்தில் ஏறத்தாழ வறண்டுபோயின. தென் சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் குடியிருப்புக்கு அப்போது குழாய் இணைப்பு இல்லை. நம்பியிருந்த போர்வெல்லும் சிறிது நேரம் ஓடியதும் காற்றைத் தள்ளத் தொடங்கவே, லாரித் தண்ணீரை வாங்கி, சம்ப் எனும் நிலத்தடித் தொட்டியில் நிரப்ப வேண்டியதாயிற்று. பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதும், ஒவ்வொரு முறையும் ஏறும் விலையைக் கொடுப்பதும் அந்தக் கோடையின் வாடிக்கை.

குடியிருப்போர் சங்கம் முதலில் எடுத்த முடிவு, காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரம் மட்டும் வால்வைத் திறப்பது. கேட்பதற்குச் சிக்கனமாகத் தோன்றிய இந்த ஏற்பாடு, நடைமுறையில் வேறு விதமாக முடிந்தது. தண்ணீர் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் ஒவ்வொரு வீட்டிலும் குடம், அண்டா, வாளி என அனைத்தையும் நிரப்பினார்கள். மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் பழையதைக் கொட்டினார்கள். சம்ப்பில் தினமும் கோலை விட்டு மட்டம் பார்த்து, நீள அகலத்தோடு பெருக்கிக் கணக்கிட்டோம். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். நகரங்களுக்கு நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். பற்றாக்குறையின் உச்சத்திலும் நாங்கள் அதைத் தாண்டியே செலவழித்துக்கொண்டிருந்தோம்.

எனவே வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. செலவைக் காட்டிப் பலர் தயங்கினாலும், தனியாக வாழும் ஒரு மூதாட்டியும் ஆறு பேர் கொண்ட குடும்பமும் லாரிக்கு ஒரே தொகை கட்டுவது நியாயமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. உண்மையான சிக்கல் குழாய்களில் இருந்தது. பழைய கட்டடங்களில் மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கும் ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்குவதால், ஒரு வீட்டுக்கு ஒரே மீட்டர் போதாது. கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று தேவை. லாரித் தண்ணீரோடு வரும் மணல் மீட்டரின் சக்கரத்தை நிறுத்திவிடும் என்று பிளம்பர் எச்சரித்ததால், முன்னால் வலை வடிகட்டியும் பொருத்தினோம். மீட்டர் வைக்க நினைப்பவர்கள் விலை விசாரிப்பதற்கு முன் தங்கள் கட்டடத்தின் குழாய்ப் பாதையை வரைந்து பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு வீட்டின் அளவும் மாடிப்படி அருகே உள்ள பலகையில் எழுதப்பட்டபின், யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அளவு கூடுதலாக வந்த வீட்டில், கழிவறைத் தொட்டியில் நீல மையைச் சில துளிகள் விட்டு, தண்ணீர் இறக்காமலேயே கோப்பையில் நிறம் வருகிறதா என்று பார்த்தார்கள், வந்தால் கசிவு. ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீர் தரை துடைக்கப் போயிற்று. உப்பு மிகுந்த அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. அரிசி களைந்த நீர் அதற்குப் போதும்.

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய்கள் எங்களிடமும் இருந்தன. அவை சென்று சேர்ந்த குழிதான் தூர்ந்து கிடந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைத் தோண்டி, ஜல்லியும் ஆற்று மணலும் புதிதாக இட்டோம். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆகவே 200 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்யும் இரவில் 10,000 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர், விழுகிறது. முதல் மழையை மாடியின் தூசியோடு வெளியே விட்டுவிட்டு, பின்னர் வருவதை வடிகட்டிச் சம்ப்புக்கும், மிகுவதைக் குழிக்கும் திருப்புகிறோம்.

குழாய் இணைப்பு வந்த பிறகும் மீட்டர்களை எடுக்கவில்லை. எல்லா வீட்டு அளவுகளையும் கூட்டினாலும் சம்ப்பிலிருந்து ஏற்றிய தண்ணீரின் கணக்கு முழுதாக வருவதில்லை. அந்த வித்தியாசத்தைப் பொதுச் செலவாகச் சமமாகப் பிரிக்கிறோம். அது கூடும் மாதத்தில் முதலில், தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்த வேண்டிய மேல்தொட்டியின் மிதவை வால்வைச் சோதிக்கிறோம்.