எம் புக்கில் ஏறாத வேலை

சென்னையில் மழைநீர் வடிகால் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். அக்டோபர் பிறந்தால் தோண்டிய பள்ளத்தை எப்படியாவது மூடியாக வேண்டும். ஊருக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழைதான். நான் ஒப்பந்ததாரர் தரப்பில் சைட் இன்ஜினீயர். பள்ளிக்கரணைப் பக்கமும் நின்றிருக்கிறேன், ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கமும் நின்றிருக்கிறேன். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே படித்த பாடம் இங்கே செல்லாது.

பள்ளிக்கரணைப் பக்கம் களிமண். தண்ணீர் கீழே இறங்காது, ஓடித்தான் ஆக வேண்டும். சதுப்பு நிலத்தில் சேரும் நீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வந்து, தெற்கே இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். கடல் நேர் கிழக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க, தண்ணீர் இவ்வளவு சுற்றிப் போகிறது. சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் பெருங்குடி குப்பைமேட்டுக்கும் போன பிறகு, மிச்சத்துக்கு 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. சுற்றியுள்ள தெருக்களுக்கு வடிகால் கட்டாயம் தேவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தேவை என்பதால் வேலை சுலபம் என்று ஆகிவிடாது. தரை அவ்வளவு தட்டை. மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை வைத்துப் பார்த்தால் 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு கிடைத்தாலே கொண்டாட்டம்தான். நடுவில் ஒரு கழிவுநீர்க் குழாயோ ஈ.பி. கேபிளோ குறுக்கிட்டால் அந்தச் சரிவும் போச்சு. வடிகாலின் அடித்தளத்தை அந்த இடத்தில் மட்டும் தூக்கிக் கட்டிவிட்டுப் போனால், மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஆண்டு முழுக்க நிற்கும்; கொசு வரும், புகார் வரும். வடிகாலின் வாய்ப்பக்கம் இன்னொரு கதை. கடல் ஏற்றத்தில் இருந்தால் கால்வாய் மட்டமும் ஏறும், வடிகால் வாய் முங்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ‘கடல் தண்ணியை வாங்கல’ என்று ஊரே பேசியது. சைட்டில் இருப்பவர்கள் அதைச் சின்ன அளவில் சாதாரண மழையிலேயே பார்த்திருப்பார்கள்.

ஈ.சி.ஆர். விஷயம் வேறு. பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் மணல் மேடு அது. பாலவாக்கம் பக்கம் ஒரு தெருவில் சோதனைக் குழி போட்டோம். ஆள் உயரம் போவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது, பக்கவாட்டு மணலும் சரியத் தொடங்கியது. பம்ப் வைத்து இறைத்து நாலடி தள்ளி ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் மணலில் இறங்கித் திரும்பக் குழிக்கே வந்தது. டீசல் தீர்ந்ததுதான் மிச்சம். குப்பத்துப் பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, “மழ வுட்டு அரமணியில இங்க தண்ணி நிக்காது சார். நீ இன்னாத்த வடிக்கப் போற?” என்றார். எங்கள் சூப்பர்வைசர் சிரித்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த மணலுக்கு அடியில்தான் திருவான்மியூர் தொடங்கி தெற்கே நீளும் நல்ல தண்ணீர் இருக்கிறது. கடலிலிருந்து ஊடுருவும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற நல்ல தண்ணீர். கல்லூரியில் மனப்பாடம் செய்த கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பை அது தள்ளி வைக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறும் என்று அர்த்தம். மழையை மணலில் இறங்கவிடாமல் கான்கிரீட் பெட்டியில் பிடித்துக் கடலுக்கோ கால்வாய்க்கோ அனுப்பினால், போவது வெள்ளம் மட்டுமில்லை, கிணறும்தான்.

மாநகராட்சியின் மழைநீர் வடிகால் திட்டமான கோவளம் வடிநிலத் திட்டத்தில் இந்தக் கடற்கரை ஓரத்தையும் சேர்த்தபோது குடியிருப்போர் இதைத்தான் சொன்னார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எங்கள் வட்டாரத்தில் பலர் ‘பங்களாக்காரர்கள் பிரச்சினை’ என்று தள்ளிவிட்டார்கள். என் கணக்கில் சரியாகச் சொன்னவர்கள் பங்களாக்காரர்கள்தான். அதே சமயம், காம்பவுண்டுக்குள் ஒரு சாண் மண் விடாமல் டைல்ஸ் பதித்து, மழைத் தண்ணீர் முழுவதையும் தெருவுக்குத் தள்ளுகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தத் தொழிலின் சிக்கல் எம் புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் மெஷர்மென்ட் புக்கில் இருக்கிறது. கான்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை டன், வடிகால் எத்தனை ரன்னிங் மீட்டர் என்று அளந்து எழுதினால்தான் பில். ‘இந்தத் தெருவில் தோண்டாமல் விட்டோம்’ என்று எழுத அதில் இடமில்லை. மணல் தெருவில் உறிஞ்சு குழி போட்டால் செலவு கொஞ்சம், பில்லும் கொஞ்சம்; எந்த ஒப்பந்ததாரர் அதற்கு ஆசைப்படுவார்? 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழி போட்டார்கள். கிணறுகளில் தண்ணீர் ஏறியதை ஊரே பார்த்தது. அதற்கப்புறம் தூர் வாராததால் பாதிக் குழிகள் மண் மூடிக் கிடக்கின்றன. இப்போது மாநகராட்சி மழைநீரை உறிஞ்சி வைக்கும் ஸ்பாஞ்ச் பூங்காக்கள் அமைக்கிறது, நல்ல விஷயம். அங்கேயும் கழித்துக்கட்ட முடியாத செலவு வண்டல் அள்ளுவதுதான்.

அதனால் டெண்டர் விடுகிறவர்கள் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். களிமண் தெருவுக்கும் மணல் தெருவுக்கும் ஒரே டிசைன் வேண்டாம். வடிகாலின் வாய் மட்டத்தைக் கடல் ஏற்ற அட்டவணையோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கட்டியவனையே ஐந்து ஆண்டு, ஒவ்வொரு செப்டம்பரிலும் வடிகாலில் வண்டல் சேரும் குழிகளை அள்ள வையுங்கள். அள்ளிய வண்டலை லாரிக் கணக்கில் அளந்து பில் கொடுங்கள். அப்படி ஒரு டெண்டர் வந்தால் முதல் ஆளாக நானே எங்கள் முதலாளியிடம் ரேட் போட்டுத் தருவேன்.