வாசித்துக் காட்டும் கூட்டம்

கோவில்பட்டியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில் கதை வாசித்துப் பேசக் கூடுகிறோம். இந்த ஊருக்கு இது புதிய பழக்கம் அன்று. பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமிக்கு அவர் மறைவுக்குப் பின் 1970-ஆம் ஆண்டுக்கும், அதே ஊர்க்காரரான கி. ராஜநாராயணனுக்கு 1991-லும், இந்தச் சுற்றுவட்டாரத்தின் பூமணிக்கு 2014-லும், சோ. தர்மனுக்கு 2019-லும் சாகித்ய அகாதெமி விருது வந்ததைச் சொல்லி, இந்தக் கரிசல் மண்ணில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் படித்ததைப் பேச இங்கே எப்போதும் ஓர் இடம் இருந்தது என்பது தெரியும். கவிஞர் தேவதச்சனின் நகைக்கடைக்குத் தங்கம் வாங்கப் போனவர்களைவிடக் கவிதை பேசப் போனவர்களைத்தான் எங்கள் ஊர் இலக்கியம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரிலும் இடையில் ஒரு காலம் கூட்டம் என்றாலே வரவேற்புரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என்று ஆகிப்போனது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூல் வெளியீட்டில் ஒன்பது பேர் பேசினோம். ஒன்பது பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வெளியிடப்பட்ட புத்தகத்திலிருந்து ஒரு வரிகூட அந்த இரண்டரை மணி நேரத்தில் வாசிக்கப்படவில்லை. பிறரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் ஒன்பதாவது ஆளாகப் பேசிய நான் பின்னட்டையையும் முன்னுரையையும் மட்டும் படித்துவிட்டுத்தான் மேடை ஏறியிருந்தேன். கூட்டம் முடிந்து கீழே வந்தபோது அந்த நூலாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கதை எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வெட்கத்தில்தான் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். திருநெல்வேலியில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில், அதாவது முற்றத்தில், நண்பர்கள் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. கம்பனின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் உணர்ச்சி கேட்பவர் நெஞ்சில் ஏறும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவதே அங்கே நடந்த காரியம். உரையும் விளக்கமும் அதற்குப் பிறகுதான். கம்பராமாயணத்தில் இடைச்செருகல்கள் ஏராளம் என்று சொல்லி, அவர் பாடல்களைத் தள்ளியதையும் திருத்தியதையும் புலவர்கள் பலர் ஏற்கவில்லை. நானும் முழுக்க ஏற்பவன் அல்லன். ஆனாலும் காதால் கேட்டுப் பழகியவர், தட்டுகிற இடத்தில் நின்று கேள்வி கேட்டார் என்பதை மறுக்க முடியாது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி எஸ். மகராஜனும் அந்தத் தொட்டியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தாம்.

எங்கள் மாடி அறையில் இப்போது ஒரே ஒரு விதி இருக்கிறது: முதலில் ஒருவர் ஒரு சிறுகதையை முழுக்க வாசிக்க வேண்டும், அதுவரை யாரும் பேசக் கூடாது. முதல் மாதம் அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை எடுத்தோம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்த ஓர் அம்மா, வாசிக்க முன்வந்தார். கதையை நான் குறைந்தது நான்கு முறை படித்திருந்தேன், கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பெருமை பேசிப் போட்டி போடும் இடத்தை அவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் இழுவையோடு வாசித்தபோதுதான், அது எவ்வளவு சிரிப்பான பகுதி என்பது எனக்கு உறைத்தது. அறையே சிரித்தது. அநாதைச் சிறுவனை அந்தக் கதையின் ஏழைத் தாயான தாயம்மாள் குளிப்பாட்டும் இடம் வந்ததும் அவர் குரல் தானாகவே தாழ்ந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தீபாவளிக்குக் கணவனுக்கென்று எடுத்த துண்டை அந்தப் பையனுக்குக் கொடுக்கும் முன் தாயம்மாள் தயங்குகிறாளே, அந்தத் தயக்கத்தின் நீளம் எவ்வளவு என்பதைக் கண்ணால் படித்த நான்கு முறையும் நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதன்பின் நடந்த பேச்சில் கோட்பாட்டுச் சொற்கள் குறைவாகவே வந்தன. ஒருவர் தன் வீட்டுத் தீபாவளித் துணிக்கணக்கைச் சொன்னார். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர், தாயம்மாள் இரங்கியது பரிவாலா, ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தாலா என்று கேட்டுவிட, அதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. தேநீர் ஆறிப்போனது.

இந்த மாதம் கி.ரா.வின் கதை ஒன்றை எடுப்பதாக முடிவு செய்து, ஜெராக்ஸும் எடுத்து வைத்திருக்கிறோம். எழுத்து பொடியாக விழுந்துவிட்டது என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டார்; ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்ணாடியை மாற்றிவிட்டால் அவர்தான் வாசிப்பார், இல்லையென்றால் என் முறை. நேற்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன், இரண்டாம் பக்கத்திலேயே மூச்சு வாங்கியது.