கடைசி வாங்கு

எங்கள் பள்ளிக்கூடத்து மாஸ்டர் காலமான செய்தி போன மாதம் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்தது. தொண்ணூற்றுமூன்று வயது. அவருடைய கைக்குட்டை, குறி தப்பாத சோக்கட்டி, மத்தியானப் பாடத்து நித்திரை எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1968, இரண்டாம் தவணை. ஏப்ரல் 4ஆம் திகதி அமெரிக்காவில், மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். மாஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டு, கரும்பலகையில் ஒரு பஸ் கீறினார். மொன்ட்கொமரி நகரத்து பஸ். முன்னுக்கு வெள்ளையர், பின்னுக்குக் கறுப்பர். 1955 டிசெம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்புப் பெண் வெள்ளையருக்கு இடம் விட்டு எழும்ப மறுத்தது, அப்புறம் 381 நாள் கறுப்புச் சனம் அந்த பஸ்களில் கால் வைக்காதது எல்லாவற்றையும் கதை மாதிரிச் சொன்னார்.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. எழும்பி, "என்ன மாதிரிச் சனங்கள், சேர், அந்த வெள்ளைக்காரர்!" என்றேன்.

"உங்கட வளவில கள்ளுச் சீவ வாற மனுசனுக்குத் தண்ணி எதில குடுக்கிறவை?"

"சிரட்டையில, சேர்."

பட்டென்று சொன்னேன், விடை தெரிந்த பிள்ளையின் பெருமையோடு. சொன்ன பிறகுதான் வகுப்பு அமைதியானது உறைத்தது. அந்த மனுசனின் மகன் கடைசி வாங்கில் இருந்தான். எல்லோரும் அவனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு அது தெரிந்திருந்ததா? தெரிந்தே கேட்டிருந்தால் நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் எனக்குச் சரித்திரம் படிப்பித்தவர் அவர் ஒருவர்தான். அந்த ஆண்டுதான் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் கோவிலுக்குள் போக விடச் சொல்லிச் சனம் வாசலில் இருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு நான் அமெரிக்கா வந்தேன். என் மூளைதான் விசா வாங்கித் தந்தது என்று முப்பது வருடம் நினைத்திருந்தேன். 1965க்கு முன் அங்கே குடியேற ஆசிய நாடொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் நூறு பேர் என்றுதான் கணக்கு. வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பர்கள் செல்மா பாலத்தில் அடிவாங்கிய அதே 1965இல், வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு மாதம் ஆகுமுன், ஜனாதிபதி ஜோன்சன் அந்தக் கணக்கை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நான் அந்த வழியால் வந்தவன்.

இந்தப் பெப்ரவரியில் பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்து வந்து சொன்னாள்: ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னரே, அதே ஊரில், குளோடெட் கோல்வின் என்றொரு பெண் எழும்ப மறுத்தாளாம். பொலிஸ் பிடித்துப் போனதாம். பின்பு பஸ்ஸில் நிறம் பார்த்து இருத்துவதை எதிர்த்து வழக்குப் போட்ட பெண்களில் அவளும் ஒருத்தி. "பதினைஞ்சு வயசு, அம்மப்பா!"

கடைசி வாங்குக்காரனுக்கும் அப்போது பதினைந்து. அடுத்த தவணை அவன் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த மலர் அனுப்பும் முகவரிப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று அவன் தகப்பன் வழியனுப்ப வந்து வேலியோரம் நின்றார். அம்மா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தா. எதில் என்று பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கார் வந்துவிட்டது.