இளகியிருந்த அரை நிமிடம்

"சார், போன தடவ இழுத்தப்ப கயிறு முனங்கிச்சு. இப்ப எளகி வருது. இப்பவே ரெண்டடி விட்டுரட்டுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். "பொறுங்க அண்ணாச்சி, சீஃப் ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று நான் சொன்னேன். எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். 2016 ஆகஸ்டில், அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்னால் பேசிய இந்தப் பேச்சை எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் பதிலில் ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கிறேன்; மாற்றியபின் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

காக்கிநாடாவில் ஏற்றிய அரிசி மூட்டைகளை மேற்காப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறக்கிக்கொண்டிருந்தோம். கினி வளைகுடாக் கரையில் கப்பல் கட்டிக் கிடந்தவர்களுக்கு அந்த இடத்தின் குணம் தெரியும். இலைகூட அசையாத இரவிலும் அங்கே கப்பல் நிற்பதில்லை; தெற்கு அட்லாண்டிக்கில் எங்கோ அடித்த புயல் கிளப்பிய நீண்ட அலை, நாங்கள் ஸ்வெல் என்பது, பல நாள் கழித்து வந்து துறைமுகத்துக்குள் நுழைந்து, கப்பல் கட்டி நிற்கும் துறைமேடையான பெர்த்தின் ஓரமாகவே கப்பலை முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தைத் தாங்குபவை, கப்பல் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ஸ்பிரிங் கயிறுகள்தான். முந்தின இரவு யாரோ கயிற்றைத் தளர்த்திவிட்டதில் கப்பல் பெர்த்தை விட்டு விலகி, ஏறி இறங்கும் படியான கேங்வே முறுக்கிக்கொண்டது. அதனால் தன்னைக் கேட்காமல் யாரும் கயிற்றில் கை வைக்கக் கூடாது என்று சீஃப் ஆபீசர் இரவுக் குறிப்பேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். நான் செகண்ட் ஆபீசர். பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரையிலான காவல் முறை, அதாவது வாட்ச், என்னுடையது. அண்ணாச்சி என் வாட்ச்சின் ஏபி, அதாவது தேர்ந்த டெக் மாலுமி. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மெஸ்ஸில் இருக்கும்போது என்னைத் தம்பி என்பார், டெக்கில் கால் வைத்துவிட்டால் சார் என்பார்.

அவர் என்ன கேட்டார் என்பதை நான் அன்று முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பின்பக்கம் எங்களுக்கு இரண்டு ஸ்பிரிங் கயிறுகள் இருந்தன. அவற்றில் ஒன்று கம்பி போல விறைத்திருந்தது, மற்றது வயிறு தொங்கிக் கிடந்தது. கப்பலின் இழுப்பை ஒரே கயிறு சுமந்துகொண்டிருந்தது. விறைத்ததை இரண்டடி விட்டால் இரண்டும் சேர்ந்து சுமக்கும். அதை விடுவதற்கும் ஒரு நேரம் உண்டு. கயிறு விறைத்திருக்கும்போது, அதைச் சுற்றி வைத்திருக்கும் வின்ச்சின் பிரேக்கைத் திறந்தால் டிரம் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். கப்பல் எதிர்ப்பக்கம் போய்க் கயிறு தானாக இளகும் அந்தச் சிறு இடைவெளியில்தான் விட முடியும். அவர் என்னைக் கேட்டது சரியாக அந்த இடைவெளியில். "இப்பவே" என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை. நான் சட்டைப் பையில் இருந்து ரேடியோவை எடுத்து, சீஃப் ஆபீசரைக் கூப்பிட்டு, அவர் தூக்கத்திலிருந்து எழுந்து பதில் சொல்வதற்குக் காத்திருந்தேன். வின்ச்சின் சத்தம் குறுக்கிடாமல் இருக்க இரண்டு மூன்று அடி விலகி, மாடிப்படிச் சுவரின் ஓரமாக நின்றுகொண்டேன். அண்ணாச்சி பிரேக் சக்கரத்தில் இடது கையை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கப்பல் திரும்பி வந்தது. கயிறு முதலில் தண்ணீரைப் பிழிந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது புகைபோலத் தெரிந்தது. பிறகு கயிறு மெலிந்தது. விறைக்கும் கயிறு கண்ணெதிரே மெலிவதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பிறகு ஒரு வெடிச்சத்தம். கயிறு கப்பலை விட்டு வெளியே போகும் வழியான ஃபேர்லீடில் அறுந்த முனை உள்ளே வந்தது என்று சொல்வது தவறு. அது வந்ததை நான் பார்க்கவில்லை. கயிறு இருந்த இடத்தில் கயிறு இல்லை, அண்ணாச்சி டெக்கில் உட்கார்ந்திருந்தார், அவருடைய இடது முன்கை முழங்கைக்குக் கீழே இன்னொரு முழங்கை இருப்பதுபோல மடங்கியிருந்தது. அவர் கத்தவில்லை. "கேடட் எங்க சார்?" என்று கேட்டார். பயிற்சியில் இருந்த கேடட் கேங்வேயில் பத்திரமாக இருந்தான். அதே நொடியில் என் ரேடியோவில் சீஃப் ஆபீசரின் குரல், "எஸ், செகண்ட்?" என்றது.

அண்ணாச்சி நின்றது மஞ்சள் கோட்டுக்கு வெளியே. விசாரணையில் அந்த வரி எங்கள் எல்லோருக்கும் பெரிய ஆறுதலாக இருந்ததால் இதைச் சொல்கிறேன். இழுவிசையில் இருக்கும் கயிறு அறுந்தால் எந்தப் பாதையில் திரும்பி அடிக்கும் என்பதைக் காட்டி டெக்கில் மஞ்சள் வண்ணம் பூசுவது அப்போது பரவலான வழக்கம். கேடட்டாக இருந்தபோது நானே மண்டியிட்டு அதைப் பூசியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோடு, கயிறு நேர்கோட்டில் திரும்பும் என்று நம்பிப் போட்ட கோடு. எங்கள் கயிறு டிரம்மிலிருந்து ஒரு ரோலரைச் சுற்றி வளைந்து ஃபேர்லீடுக்குப் போனது. அப்படி வளைந்து போகும் கயிறு அறும்போது முனை அந்த ரோலரைச் சுற்றிச் சாட்டையாக வீசும், அந்த வீச்சுக்கு எந்த மஞ்சள் கோடும் தெரியாது. பிரிட்டனின் கப்பல் பணியாளர் பாதுகாப்பு நடைமுறைத் தொகுப்பு, 2015 பதிப்பிலேயே இப்படி வண்ணம் பூசுவதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. கோட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு அது பொய்யான தைரியத்தைத் தருகிறது, கயிறு கட்டும் டெக் முழுவதையுமே ஆபத்துப் பகுதியாகக் கருத வேண்டும் என்பது அதன் வாதம். அதே ஆண்டு மார்ச்சில் மில்ஃபோர்ட் ஹேவனில் ‘சார்கா’ என்ற, திரவ இயற்கை எரிவாயு ஏற்றும் எல்என்ஜி கப்பலில் கயிறு அறுந்து ஓர் அதிகாரியின் தலையில் பலத்த காயம் பட்டது. அதிகம் நீளாது, அதனால் திரும்பி அடிக்காது என்று பலரும் நம்பியிருந்த எச்எம்பிஇ என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு அது. அதன் முனையில் கோத்திருந்த, நீளக்கூடிய துண்டுக் கயிறு சேமித்து வைத்த விசைதான் அதைத் திருப்பி அடிக்க வைத்தது என்பதை விசாரணை அறிக்கையில் பிற்பாடு படித்தேன். படித்தபோது அந்த அதிகாரி நின்ற இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆனாலும், கோட்டைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. பிரேக் சக்கரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வின்ச்காரர் நிற்க முடியும். "விடுங்க" என்று நான் சொல்லியிருந்தால் அவர் இரண்டடி விட்டுவிட்டு விலகியிருப்பார். "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் கையை எடுத்துவிட்டு என் பக்கம் வந்திருப்பார், வரும்போது பீடிக்குத் தீப்பெட்டிகூடத் தேடியிருப்பார். "பொறுங்க" என்ற சொல்தான் அவரை அங்கேயே, சக்கரத்தில் கை வைத்த நிலையிலேயே, நிறுத்தி வைத்தது. நான் எந்த முடிவும் எடுக்கவில்லை என்று அன்று நினைத்தேன். ஒரு மனிதர் எங்கே நிற்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்திருந்தேன். அதுவும், நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டு.

இப்படி எழுதும்போதே மறுபக்கமும் மனத்தில் எழுகிறது. கயிற்றை விட்டால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று யார் சொன்னது? ஸ்வெல் உள்ள பெர்த்தில் தளர்ந்த கயிறு இறுக்கமான கயிற்றைவிட மோசமானது என்று மூத்த மாலுமிகள் சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஓட இடம் கிடைத்த கப்பல் வேகம் சேர்த்துக்கொண்டு வந்து ஒரே வெட்டாக இழுக்கும். அண்ணாச்சி இரண்டடிக்குப் பதில் நாலடி விட்டிருந்தால் அடுத்த கயிறு அறுந்திருக்கலாம். கயிறும் நல்ல நிலையில் இல்லை. மறுநாள் அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். வெளியே ஓரளவு நன்றாகத் தெரிந்த பிரிகளுக்குள்ளே வெள்ளைத் தூள் இருந்தது. இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பொடியான தூள். ஃபேர்லீடில் தேய்ந்த இடத்தில் இழைகள் உருகி ஒட்டி, நகம்போலக் கெட்டியாக இருந்தன. புதுக் கயிற்றின் அறுபடும் வலுவில் 60 சதவீதம் ஏறியதும் பிரேக் வழுக்கிக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு புதுக் கயிற்றுக்கானது. கயிறு உள்ளுக்குள் கிழடாகிவிட்டால் பிரேக் வழுக்குவதற்கு முன்பே கயிறு போய்விடும். அந்தக் கயிற்றை அதற்கு முந்தைய மாதம் பரிசோதித்து "திருப்தி" என்று பதிவு செய்தவர் நானில்லை. என்றாலும், பதிவைப் படித்துவிட்டு நம்பியவன் நான்.

என்னை இன்னும் உறுத்துவது அதற்குப் பின்னால் நடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் அண்ணாச்சியின் வாக்குமூலத்தை எழுத வேண்டும் என்று கேப்டன் சொன்னார். அண்ணாச்சிக்கு ஆங்கிலம் கட்டளை அளவுக்குத்தான் வரும். கப்பலில் தமிழ் தெரிந்த இன்னொருவர் நான் மட்டுமே. வலிக்கு ஊசி போட்டிருந்த நிலையில் அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "கயிறு முனங்கிச்சு, எளகுன நேரம் பாத்து விடட்டுமான்னு சார்கிட்ட கேட்டேன், சார் பொறுங்கன்னாங்க" என்றார். நான் எழுதியது, கயிற்றில் சத்தம் கேட்டதாகப் பணியிலிருந்த அதிகாரியிடம் அவர் தெரிவித்தார், அதிகாரி உடனே சீஃப் ஆபீசரைத் தொடர்பு கொண்டார் என்று. அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் அதில் இல்லை. அனுமதி கேட்டவர் தகவல் சொன்னவராகிவிட்டார். பொறுக்கச் சொன்னவன் உடனே செயல்பட்டவனாகிவிட்டான். எழுதியதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். அப்படியே படித்தேனா, அவர் சொன்னது போலவே படித்தேனா என்பது இன்று எனக்கு நினைவில்லை. இந்த ஒரு விஷயத்தில் என் நினைவை நான் நம்பவும் இல்லை. அவர் வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

வேண்டுமென்றே செய்ததல்ல என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவசரம், ஆம்புலன்ஸ் பெர்த்தில் நிற்கிறது, படிவத்தில் இருந்தது நாலே வரி. ஆனால் நாலு வரியில் எதை விட வேண்டும் என்று கை தானாகத் தேர்ந்தெடுத்ததே, அந்தத் தேர்வு யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதை நான் பார்க்காமல் இருக்க முடியாது. விசாரணை, கயிற்றின் நிலையைக் காரணமாகக் காட்டி முடிந்தது. அது சரியான காரணமும்கூட. எங்கள் கம்பெனியின் எல்லாக் கப்பல்களிலும் பழைய கயிறுகளை மாற்றினார்கள். அதனால் யாரோ ஒருவர் பிழைத்திருக்கலாம். கேள்வியையும் பதிலையும் நான் எழுதியிருந்தால், ஒரு செகண்ட் ஆபீசரின் தவறு என்று சொல்லிக் கயிறுகளை அப்படியே விட்டிருப்பார்களோ என்றும் சில சமயம் யோசிக்கிறேன். வசதியான யோசனை இது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு ஆண்டு கழித்து விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் பிளேட் வைத்திருந்தார்கள், மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை, கப்பலுக்குப் போகும் மருத்துவச் சான்று கிடைக்கவில்லை. வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, அவருடைய மனைவி சீவல் வைத்தார்கள். வாக்குமூலத்தைப் பற்றிச் சொல்லத்தான் போயிருந்தேன். நான் ஆரம்பிக்கும் முன்பே அவர், "நீங்க பொறுங்கன்னதுல ஒண்ணும் தப்பில்ல தம்பி. நான் கேட்டதுதான் தப்பு" என்றார். கேட்காமலே விட்டிருக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னாரா, அதிகாரியிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற பொருளில் சொன்னாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாக்குமூலத்தைப் பற்றியும் பேசவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார்.

நான் சீஃப் ஆபீசர் ஆனதும் முதல் கப்பலிலேயே இரவுக் குறிப்பேட்டில் வேறு மாதிரி எழுதினேன்: கயிறு விறைத்தால் முதலில் விடுங்கள், பிறகு என்னிடம் சொல்லுங்கள். இரண்டாவது மாதம், ஸ்வெல் இல்லாத ஆற்றுத் துறைமுகம் ஒன்றில், ஒரு ஏபி அப்படியே செய்தார். நீரோட்டம் கப்பலை விலக்கி, கேங்வேயின் கால் பெர்த்தை விட்டு இறங்கித் தொங்கியது. அதில் ஏறிக்கொண்டிருந்த, சரக்கைக் கணக்கெடுக்கும் டேலி கிளார்க் கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். அந்த ஏபியை என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அன்று மாலை என் உத்தரவை நானே அடித்துவிட்டு, பழைய சீஃப் ஆபீசர் எழுதியதையே ஏறக்குறைய எழுதினேன். அவர் எதற்காக எழுதினார் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

இப்போது கடைப்பிடிப்பது இதுதான். கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை வின்ச்சை விட்டு வந்து கேபின் சுவருக்குப் பின்னால் நின்று கேளுங்கள் என்கிறேன். 2024 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் திருத்தம், கட்டும் கயிறுகளைப் பரிசோதித்துப் பதிவு வைப்பதைப் பழைய கப்பல்களுக்கும் சேர்த்துக் கட்டாயமாக்கிவிட்டது. அந்தப் பதிவேட்டை நான் கயிற்றைப் பிரித்துப் பார்க்காமல் நிரப்புவதில்லை. என்றாலும் என் ஏற்பாட்டில் உள்ள ஓட்டை எனக்குத் தெரியாததல்ல. சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டு, அனுமதி வாங்கி, திரும்ப வின்ச்சுக்கு நடந்து போவதற்குள் கயிறு இளகும் நேரம் முடிந்துவிடும்.

போன கான்ட்ராக்டில், அதே கரையில், இரவு ஒன்றரை மணிக்கு ரேடியோ கூப்பிட்டது. பின் ஸ்பிரிங் சத்தம் போடுகிறது, இப்போது இளகியிருக்கிறது, விடலாமா என்று ஓர் இளம் ஏபி கேட்டான். எங்கே நிற்கிறாய் என்றேன். சுவருக்குப் பின்னால் என்றான். விடு என்றேன். அவன் காலடிச் சத்தம் ரேடியோவில் கேட்டது, பிறகு நின்றது. "சார், திரும்ப இறுகிருச்சு" என்றான். பின்னால் வா என்றேன். வந்துவிட்டேன் சார் என்றான். இருவரும் எதுவும் பேசாமல், அவன் அங்கேயும் நான் ரேடியோவைக் காதில் வைத்தபடி படுக்கை விளிம்பிலும், கப்பல் மறுபடி அந்தப் பக்கம் போவதற்காகக் காத்திருந்தோம்.