காட்டு முகாமில் ஒரு கோடைக்காலம்: தண்ணீர் எங்கே, கழிவு எங்கே?

ஓய்வு பெற்றபின் மோட்டார்ஹோமிலேயே குடியிருந்து அமெரிக்காவைச் சுற்றுகிறவர்களில் பலர், கோடையில் ஏதாவதொரு தேசிய வனத்தில் கேம்ப் ஹோஸ்ட்டாக, அதாவது முகாமைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலராகத் தங்கிவிடுகிறார்கள். சம்பளம் இல்லை, ஆனால் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வாடகையும் இல்லை. மற்றவர்கள் பெரும்பாலான வனங்களில் 14 நாளுக்குமேல் தங்க முடியாது. ஹோஸ்ட்டுக்கு மே கடைசியில் வரும் மெமோரியல் டே முதல் செப்டம்பர் லேபர் டே வரை ஒரே இடம்.

வாலண்டியர் டாட் கவ் (volunteer.gov) என்ற அரசுத் தளத்தில் இடங்கள் அறிவிக்கப்படும். ஜனவரிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள், நல்ல இடங்கள் பனிக்காலத்திலேயே போய்விடும். விண்ணப்பத்தோடு நிற்காமல் அந்த வனச்சரக அலுவலகத்துக்கே போன் செய்து பேசுவது நல்லது. வன முகாம்கள் பலவற்றைக் குத்தகைக்கு எடுத்த தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. அங்கே மணிக்கணக்கில் கூலி தருவார்கள். அது வேலை, வரியும் உண்டு. பேசுவது எந்தப் பக்கத்தோடு என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை: ஹோஸ்ட் இடத்தின் நீளம் எத்தனை அடி, தரை சமமா, மின்சாரம் உண்டா, இருந்தால் 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, கழிவுக்குழாய் இணைப்பு உண்டா, இல்லாவிட்டால் கொட்டுமிடம் எத்தனை மைல், காஸ் செலவைத் தருவார்களா, இருவருக்கும் சேர்த்து வாரம் எத்தனை மணி நேரம், விடுமுறை எந்த நாள். ஏரி தெரியுமா என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் ஒத்துவந்தால் ஓஎஃப் 301ஏ என்ற தன்னார்வ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதிலுள்ள வேலை விவரத்தை வரி விடாமல் படியுங்கள். பணியில் காயம்பட்டால் கிடைக்கும் அரசுப் பாதுகாப்பு அங்கே எழுதப்பட்ட வேலைகளுக்குத்தான். கழிப்பறை சுத்தம், நெருப்புக்குழி சுத்தம் என்று மட்டும் இருந்தால், பாதையில் விழுந்த மரத்தை யார் கேட்டாலும் செயின்சாவால் அறுக்கப் போகாதீர்கள். அதற்குத் தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும்.

காட்டில் கழிவு இணைப்பு பெரும்பாலும் இருக்காது. வண்டிக்கு அடியில் இரண்டு டேங்க்: கழிப்பறைக்குக் கறுப்பு, சிங்க்குக்கும் குளியலுக்கும் சாம்பல். நாற்பது காலன் சாம்பல் டேங்க் இரண்டு பேர் சிக்கனமாக இருந்தால் நாலைந்து நாள் தாங்கும். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கிளப்ப முடியாது என்பதால், சக்கரம் வைத்த நீல டேங்க் ஒன்றை வாங்கி, அதில் இறக்கி, பிக்கப்பின் பின்னால் நடை வேகத்தில் இழுத்துப்போய்க் கொட்டுவார்கள். தவறு நடப்பது இங்கேதான். மூன்று அங்குல விட்டமுள்ள பத்தடிக் குழாய்க்குள் மட்டும் மூன்றரைக் காலனுக்கு மேல் நிற்கும். நீல டேங்க் நிரம்பியபின் வால்வை மூடினால் குழாயில் இருப்பதற்குப் போக இடமில்லை, காலடியில்தான் கொட்டும். ஆகவே நாலு காலன் இடம் பாக்கி இருக்கும்போதே மூடிவிடுங்கள். முப்பது காலன் 250 பவுண்டு எடை, கையால் இழுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

கழிவு இணைப்பு உள்ள இடத்தில் வேறொரு தவறு நடக்கும். வசதிதானே என்று கறுப்பு வால்வைத் திறந்தே வைத்தால் திரவம் ஓடிவிடும், திடப்பொருள் மட்டும் தங்கிக் காய்ந்து கூம்பாகக் குவியும். அதை உடைப்பது பெரும்பாடு. மூடியே வைத்து, முக்கால் பங்கு நிரம்பியபின் கறுப்பை முதலில் திறந்து, பிறகு சாம்பலைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். முடிந்ததும் கறுப்பு டேங்க்கில் இரண்டு மூன்று காலன் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாத இடமென்றால் ஹீட்டர் விசிறிதான் பாட்டரியைக் குடிக்கும். ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். இரவில் நாலு மணி நேரம் ஓடினாலே முப்பது ஆம்பியர்-மணி போய்விடும். லெட்-ஆசிட் பாட்டரி 12.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பைன் மர நிழலில் கூரை சோலார் பெரிதாக உதவாது. நீளக் கேபிளோடு தரையில் நகர்த்தி வைக்கும் தகடு கூடவே இருக்கட்டும். எட்டாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சோற்றுக்கும் பருப்புக்கும் குக்கர் இல்லாமல் ஆகாது. செப்டம்பரில் உறைபனி விழும், இரவில் தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டு உள் டேங்க்கிலிருந்து பம்ப்பில் எடுங்கள்.

வேலையில் பாதி கழிப்பறையைச் சுற்றியே. ஃப்ளஷ் இல்லாத தொட்டிக் கழிப்பறை அது. டயப்பர், பாட்டில், துணி எது உள்ளே விழுந்தாலும் பின்னர் உறிஞ்ச வரும் லாரியின் குழாய் அடைத்துக்கொள்ளும். இதைக் கோபப்படாமல், வந்த அன்றே முகாமில் தங்குபவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. சீசன் தொடக்கத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் துடைப்பத்தை எடுத்துவிடாதீர்கள். மேற்கு மாநிலங்களில் மான் எலி (டீர் மவுஸ்) என்ற காட்டெலியின் புழுக்கையில் ஹாண்டா வைரஸ் இருக்கலாம். பெருக்கினால் தூசியோடு மூச்சில் ஏறும். கதவைத் திறந்து அரைமணி காற்றாட விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்கு நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத் துண்டால் துடைத்தெடுக்க வேண்டும்.

நெருப்புக்குழியில் மேலே சாம்பல் வெள்ளையாக ஆறிக் கிடக்கும், அடியில் கங்கு அடுத்த நாளும் உயிரோடிருக்கும். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துச் சூடு அறவே இல்லாதபோதுதான் அள்ள வேண்டும். அள்ளுவது மூடியுள்ள இரும்பு வாளியில். பிளாஸ்டிக் பையில் ஒருபோதும் வேண்டாம்.

இரவு சத்தம், குடிபோதைச் சண்டை என்றால் ஒரு முறை பணிவாகச் சொல்லலாம். கேட்கவில்லையென்றால் நேரத்தையும் கார் எண்ணையும் குறித்துக்கொண்டு அதிகாரிக்குத் தகவல் கொடுங்கள். ஹோஸ்ட்டுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அது நமக்குப் பாதுகாப்பும்கூட.

வீட்டை விற்றுவிட்டு வருகிறவர்களுக்கு முகவரி வேண்டும். சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூன்றில் ஒன்றைத்தான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். கடிதங்களை வாங்கி அனுப்பும் முகவருக்கு 1583 என்ற தபால் படிவம் தேவை. அறுபத்தைந்து தாண்டியவர்கள் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டைக் கவனியுங்கள்: ஒரிஜினல் மெடிகேரை ஏற்கும் மருத்துவர் எந்த மாநிலத்திலும் உண்டு, அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் தரும் அட்வான்டேஜ் திட்டங்கள் பலவும் ஊர் எல்லைக்குள் அடங்கியவை. அறுபத்திரண்டு வயதானவர்களுக்கு 80 டாலரில் கூட்டாட்சி நிலங்களில் நுழைய ஆயுள்கால சீனியர் பாஸ் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் கிடைக்கும். போகும் வழியில் பல அரசு முகாம்களில் பாதிக் கட்டணம்தான்.

வேலை செய்த மணி நேரத்தைத் தினமும் எழுதி, மாதக் கடைசியில் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். தலைக்கு 250 மணி சேர்ந்தால் கூட்டாட்சி நிலங்களுக்கான ஓராண்டு தன்னார்வலர் நுழைவுப் பாஸ் கிடைக்கும். கணவன் மனைவி கணக்கைத் தனித்தனித் தாளில் எழுத வேண்டும்.