கூடப்பிறந்தவனுக்கு எழுதின கடிதங்கள்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு பழைய மாணவர் சங்கத்தில இருந்து கேட்டோடன பிக் மட்ச், ஸ்போர்ட்ஸ் மீற், ஹொஸ்ரல் சாப்பாடு எண்டு எழுதத்தான் முதல்ல நினைச்சனான். ஆனா போன ஒக்ரோபரில அமெரிக்காவில ஒஹாயோவுக்குப் போட்டு வந்ததில இருந்து எங்கட இங்கிலீஷ் மாஸ்ரரின்ட ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வருது, அதால அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு ஆளைப் பற்றியே எழுதுறன்.

1974, எட்டாம் வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாற பாடம், வெக்கையில அரைவாசிப் பேருக்கு நித்திரை தூங்கும். மாஸ்ரர் ஒண்டும் பேசாம கரும்பலகையில வளைச்சு வளைச்சு ஒரு நீட்டுக் கோடு கீறினார், இது ஒஹாயோ ஆறு, கீழ்ப்பக்கம் கென்ரக்கி, அடிமைக் காலத்தில அங்க மனுசரை விக்கலாம் வாங்கலாம், மேல்பக்கம் ஒஹாயோ, அங்க சட்டப்படி ஏலாது எண்டார். பிறகு மேல்பக்கத்தில ஒரு மலை, அந்த மலைக்கு மேல மஞ்சள் சோக்கால ஒரு சின்னப் புள்ளி. அது என்ன சேர் எண்டு முன் வாங்கில இருந்த ஒருத்தன் கேட்டான். "லாம்பு" எண்டார்.

அந்த லாம்பு வைச்ச வீட்டுக்காரர் ஜோன் ராங்கின், பிரஸ்பிற்றேரியன் போதகர். 1793 இல கிழக்கு ரென்னசியில டான்ட்ரிட்ஜ் எண்ட ஊர்ப்பக்கம் பிறந்தவர். அவருக்குப் படிப்பிச்சவர் சாமுவேல் டோக் எண்ட போதகர், அடிமை வைச்சிருக்கிறது பிழை எண்டு நம்பின மனுசன், அந்த டோக்கின்ட பேத்தி ஜீன் லௌரியைத்தான் ராங்கின் 1814 இல கலியாணம் முடிச்சவர். எங்கட மாஸ்ரர் இந்த இடத்தில நிப்பாட்டி, "ஒரு வாத்தியார் சொன்னது எங்க போய் முளைக்கும் எண்டு வாத்தியாருக்கே தெரியாது" எண்டு சொன்னவர், எனக்கு அப்ப விளங்கேல்ல.

படிச்சு முடிச்சு சொந்த ஊரில பிரசங்கம் செய்யத் தொடங்கினவர், மற்றவனை ஒடுக்கிறது பாவம் எண்டு பேசினார். அடிமை எண்ட சொல்லை வெளிப்படையாச் சொல்லக்கூட இல்லை, அதுக்கே சபை மூப்பர்மார் கூப்பிட்டு, இப்பிடிப் பேசிறதெண்டா ரென்னசியை விட்டுப் போறதுதான் நல்லது எண்டிட்டினம். 1817 இல வெளிக்கிட்டவர், கென்ரக்கியில கார்லைல் எண்ட இடத்தில நாலு வருஷம் இருந்தார், அங்க அடிமைப்பட்ட சனத்துக்கு எழுத வாசிக்கப் பள்ளிக்கூடம் வைச்சா தடியோட வந்து கலைச்சவை. கடைசியா 1821 டிசம்பர் 31 இரவு, பனிக்கட்டி மிதக்கிற ஆத்தைக் குடும்பத்தோட கடந்து ரிப்ளி எண்ட சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்க 44 வருஷம் போதகரா இருந்தவர்.

எனக்கு இந்த மனுசனில பிடிச்சது லாம்பு இல்லை, கடிதங்கள். வேர்ஜீனியாவில கடை வைச்சிருந்த கூடப்பிறந்தவர் தோமஸ், அடிமை வாங்கிப்போட்டார் எண்டு செய்தி வருது. வேற ஆரும் எண்டா கவலைப்பட்டுப்போட்டு விட்டிருப்பினம், சொந்தச் சகோதரம், ஏன் வீண் பகை. இவர் கடிதம் எழுதினார், ஒண்டில்லை, தொடர்ச்சியா, அதை 1824 இல ரிப்ளிப் பேப்பரிலயும் போட்டார். யாழ்ப்பாணத்தில, உடுவிலில பொம்பிளைப்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கின அதே வருஷம் எண்டு மாஸ்ரர் சொல்லித்தான் எனக்கு இந்த ஆண்டு மறக்கேல்ல. ஒரு கடிதத்தில, நானும் என்ர மனுசியும் பிள்ளையளும் அடிமையா இருந்தா எப்பிடி இருக்கும் எண்டு நினைச்சுப் பாத்தன் எண்டு எழுதுறார், தன்ர பிள்ளையளின்ட முதுகில சவுக்கு விழுறதை நினைச்சு நினைச்சு. 1826 இல அது புத்தகமா வந்தது. தோமஸ் மனம் மாறி தன்ர ஆக்களை விடுதலை செய்தவர். பிறகு 1832 இல, அடிமை முறையை ஒழிக்கவேணும் எண்டு நிண்ட வில்லியம் லொயிட் கரிசன் தன்ர 'லிபரேற்றர்' பேப்பரில அந்தக் கடிதங்களைத் திரும்பப் போட்டு, தன்னை ராங்கினின்ட சீடன் எண்டே சொன்னவர்.

இதில ஒண்டு நாங்கள் மறைக்கக்கூடாது. 1816 இல தெல்லிப்பழைக்கு வந்து, 1823 இல வட்டுக்கோட்டையில டானியல் பூவர் ஐயரோட செமினரி தொடங்கினது வரைக்கும் எங்களுக்கு அவ்வளவு நன்மை செய்த அமெரிக்கன் போர்ட் எண்ட மிஷன் சங்கம், தங்கட நாட்டில அடிமை விஷயத்தில கனகாலம் அமர்த்தியா இருந்தது, அடிமை வைச்சிருந்த ஆக்களின்ட நன்கொடையையும் வாங்கினது, அதைப் பொறுக்கேலாத ஆக்கள் 1846 இல அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் எண்டு தனியத் தொடங்கினவை. எங்கட பள்ளிக்கூடத்தின்ட பெருமையைப் பேசேக்க இதையும் சேர்த்துப் பேசவேணும் எண்டுதான் என்ர எண்ணம், மாஸ்ரரும் இதை ஒளிக்கேல்ல.

லாம்பு வீட்டுக்கு வாறன். ஆத்தங்கரையில இருந்த பழைய வீட்டை விட்டு 1829 அளவில மலை உச்சியில ஒரு சின்னச் செங்கல் வீட்டுக்குப் போனவை. 9 பெடியள், 4 பெட்டையள், பதின்மூண்டு பிள்ளையள் அந்த வீட்டில எப்பிடிப் படுத்தவை எண்டு உள்ளுக்க நிண்டு பாத்தா நம்பேலாது, சமையல் அடுப்படியில ரெண்டு பேர் நிண்டா மூண்டாம் ஆள் வெளிய நிக்கவேணும். இரவில வைக்கிற லாம்பு அக்கரைக்குத் தெரியும். ஆத்தைத் தாண்டி வாறவை செங்குத்தா ஏறிற படியில வந்து கதவைத் தட்டுவினம், ஜீன் அம்மா சாப்பாடும் உடுப்பும் குடுக்க, பெடியள் இரவோடிரவா குதிரையில அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் விடுவினம், அப்பிடியே கை மாறி மாறி வடக்க, கனடா வரைக்கும். கீழ ஊரில ஜோன் பார்க்கர் எண்டு ஒருத்தர், தானே அடிமையா இருந்து 1845 இல 1,800 டொலர் கட்டித் தன்னை மீட்டு இரும்புப் பட்டறை வைச்சவர், அவர் இரவில வள்ளம் வலிச்சுக் கென்ரக்கிக்கே போய் ஆக்களைக் கூட்டிவந்தவர். ராங்கினைப் பற்றிப் பேசிறவை பார்க்கரை விட்டிட்டுப் பேசினா அது பெரிய அநியாயம், பிடிபட்டா அவருக்குப் போறது உயிர்.

1838 மாசியில ஒரு தாய், கையில குழந்தையோட, உருகத் தொடங்கின பனிக்கு மேலால ஆத்தைக் கடந்து இந்த வீட்டுக்கு வந்தவ. ராங்கின் அந்தக் கதையை சின்சினாட்டியில லேன் செமினரியில படிப்பிச்ச ஸ்ரோவுக்குச் சொல்ல, அவரின்ட மனுசி ஹரியற் பீச்சர் ஸ்ரோ பிறகு 1852 இல வந்த தன்ர 'அங்கிள் ரொம்ஸ் கபின்' நாவலில அந்தத் தாயை எலைசா எண்டு எழுதினவ. 1841 இல அடிமை முறைக்கு ஆதரவான ஆக்கள் ஆயுதத்தோட இரவில வந்து வீட்டைத் தாக்கினவை, பெடியள் துவக்கோட நிண்டு கலைச்சவை. தப்பியோடின அடிமையளைத் திருப்பிக் குடுக்கவேணும் எண்ட 1850 சட்டத்துக்குப் பிறகு உதவி செய்யிறவைக்கு 1,000 டொலர் தண்டமும் ஆறு மாசம் மறியலும், அப்பவும் லாம்பு நூரேல்ல. அடிமை முறை ஒழிஞ்சதைக் கண்ணால கண்டு, 1886 இல 93 வயசிலதான் மனுசன் மோசம் போனவர்.

அந்த மலையில நிண்டு பாத்தனான். கென்ரக்கி அவ்வளவு கிட்ட, சத்தம் போட்டா அக்கரையில கேக்கும் போல. எனக்கு அந்த இடத்தில எங்கட வீட்டு வேலிதான் ஞாபகம் வந்தது. வேலி அடைக்க வாற மனுசனுக்குத் தண்ணி குடிக்கவெண்டு கதிகால் மரத்தில ஒரு சிரட்டை கவிட்டு வைச்சிருக்கும், எங்கட செம்பு அவற்ற கையில படக்கூடாது. நான் சின்னனில அந்தச் சிரட்டையில தண்ணி வார்த்தனான், கையை உயர்த்தி, படாம. வெளிநாடு வந்து 1989 இல அண்ணாவுக்கு அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினனான், இனி அதை எடுத்தெறியுங்கோ எண்டு. மறுமொழி மூண்டு பக்கம் வந்தது, கிணறு இறைச்சது, அம்மான்ர சீனி வருத்தம், கூரை மாத்தினது எல்லாம் இருந்தது, சிரட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் ரெண்டாவது கடிதம் எழுதேல்ல.

ரிப்ளியில அப்ப காலமை பத்து மணி, ஊரில இரவு ஏழரை. படியில இருந்துகொண்டே அண்ணாவுக்குப் போன் எடுத்தன். சுகம் விசாரிச்சு முடிய, நான் எழுதின அந்தக் கடிதம் ஞாபகம் இருக்கோ எண்டு கேட்டன். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "அது பெட்டிக்க கிடக்கடா, எறியேல்ல" எண்டார்.